சிற்பம், ஓவியம், புத்தக அட்டை: மூன்றையும் ஒரே ஆள் தொடர்ந்து செய்யலாமா?

கண்மாய்க்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் சிற்பம் படித்தவள். இப்போது மானாமதுரைப் பக்கம் சொந்த ஊரில் இருந்து வேலை செய்கிறேன். சம்பள வேலை எதுவும் இல்லை. முன்பு மாட்டுத்தொழுவமாக இருந்த ஓட்டுக் கொட்டகைதான் பட்டறை.

என் கையில் மூன்று வேலைகள் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன. முதலாவது, சுடுமண் சிற்பங்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் எங்கள் தெருப் பெண்களைத் தலையிலிருந்து தோள்பட்டை வரை செய்கிறேன். எல்லோர் தலையிலும் சும்மாடு இருக்கும். மண்சட்டியை இறக்கி வைத்த பிறகும் அந்தத் துணிச்சுருளைச் சட்டென்று எடுக்க மாட்டார்கள். அதற்குக் கீழே நெற்றியும் புருவமும் பாரத்தைச் சுமக்கிற மாதிரியே இறுகி இருக்கும். கழுத்தின் பின்பக்கம் இரண்டு நரம்புகள் தெரியும். அதைப் பிடிக்கத்தான் பார்க்கிறேன். சில சுட்டு முடிந்துவிட்டன, சில இன்னும் ஈரத்துணிக்குள் இருக்கின்றன.

இரண்டாவது, எண்ணெய் வண்ண ஓவியங்கள். எங்கள் கண்மாய் வற்றிக் கிடக்கும் மாதங்களில் அதன் தரையை மட்டும் வரைகிறேன். கரை, மரம், வானம் எதுவும் வராது. வெடித்த வண்டல், மாட்டுக் குளம்புத் தடம், சீமைக் கருவேல நெற்றுகள், மடைக்குப் பக்கத்தில் கடைசியாகக் காயும் அந்தக் கரும்பச்சை, அவ்வளவுதான். எல்லாம் நாலுக்கு மூன்று அடி கேன்வாஸ்.

மூன்றாவது, புத்தக அட்டைகள். பெரும்பாலும் சிறிய பதிப்பாளர்களின் கவிதை, சிறுகதைத் தொகுப்புகள். தலைப்பைக் கணினி எழுத்துருவில் போடாமல் கையாலேயே எழுதிக் கொடுப்பேன். வீட்டுச் செலவு இதில்தான் நடக்கிறது.

சமீபத்தில் ஒரு காட்சிக்கூடத்தில் இவற்றின் படங்களைக் காட்டினேன். பொறுப்பில் இருந்தவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, “நீங்கள் சிற்பியா, ஓவியரா, டிசைனரா? எதுவுமே முடிந்த மாதிரி தெரியவில்லையே, ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார். அக்கறையோடுதான் சொன்னார். அதனால்தான் மனதை விட்டுப் போகவில்லை. எனக்கு மூன்றில் எதையும் விட மனசில்லை. பல வருஷமாக இப்படி வேலை செய்கிறவர்கள் வருஷத்தை எப்படிப் பிரித்துக்கொள்கிறீர்கள்? முடியாத வேலையை மற்றவர்களுக்கு எப்படிக் காட்டுகிறீர்கள்?

கூடவே இரண்டு சந்தேகங்கள். சூளையிலிருந்து எடுக்கும்போது சில தலைகளில் கழுத்தைச் சுற்றி விரிசல் இருக்கிறது. அப்புறம், ஒரு தங்கும் விடுதிக்காரர் இந்தத் தலைகளில் ஒன்றை ஆறடி உயரத்தில் ஃபைபரில் செய்து தரச் சொல்கிறார். சும்மாட்டுக்குப் பதில் பூ வைக்கலாமா, தங்க நிறம் அடிக்கலாமா என்று கேட்கிறார். “எல்லா உரிமையும் எங்களுக்கே” என்று ஒரு தாளும் அனுப்பியிருக்கிறார். என்ன செய்யலாம்?


மண்வாசல் எழுதியது:

தங்கச்சி, நானும் மண், வண்ணம், அச்சு என்று மூன்றிலும் இருப்பவள்தான். சென்னையில் இருக்கிறேன். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்ற பேச்சு எனக்கும் பழக்கம். அதைக் கேட்டு எதையும் விட வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

நம் ஊரில் இப்படி வேலை செய்தவர்கள் ஒன்றிரண்டு பேர் இல்லை. மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி ஓவியராகவும் பெயர் பெற்றவர். தனபால் ஓவியம் படித்துவிட்டுச் சிற்பத்துக்கு வந்தவர், நடனமும் ஆடியவர். ஆதிமூலம் பெரிய கேன்வாஸில் அருவ ஓவியம் தீட்டிய அதே காலத்தில் தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் தலைப்பெழுத்து எழுதினார், அட்டை போட்டார். கி.ரா. எழுத்துக்கு அவர் போட்ட கோட்டோவியங்களைப் பார்த்து வளர்ந்த வாசகர்கள் எத்தனை பேர்! ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கியபோது அங்கிருந்த கலைஞர்கள் மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுத்தான் தங்கள் ஓவியத்தையும் சிற்பத்தையும் காப்பாற்றிக்கொண்டார்கள். அந்த இடமே அந்தக் காசில் எழுந்ததுதான். அட்டை வேலை செய்வதால் உங்கள் சிற்பம் ஒரு படி இறங்கிவிடும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

சரி, வருஷத்தை எப்படிப் பிரிப்பது? நான் பிரிப்பதே இல்லை. மழையும் வெயிலும் புத்தகக் காட்சியும் பிரித்துக் கொடுத்துவிடுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் மண் காயாது, சூளை மூட்ட முடியாது. அதே சமயத்தில்தான் ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்காகப் பதிப்பாளர்கள் எல்லோரும் அட்டை கேட்டு வருவார்கள். புரட்டாசி பாதியிலேயே ஃபோன் வர ஆரம்பித்துவிடும். அதனால் அந்த மூன்று மாதமும் மேசை வேலை. பொங்கல் முடிந்ததும் காற்று மாறும், மண்ணில் கை வைக்கலாம். தை, மாசி, பங்குனிதான் சுடுமண்ணுக்கு நல்ல காலம். சித்திரை வெயிலில் வேறு தொல்லை. மேல்தோல் அவசரமாகக் காய்ந்துவிடும், உள்ளே ஈரம் நிற்கும். காது, மூக்கு நுனி மாதிரி மெல்லிய இடங்கள் முதலில் சுருங்கி இழுக்கும். பழைய வேட்டித் துணியை நனைத்து அந்த இடங்களில் மட்டும் சுற்றி, மேலே பாலித்தீன் போட்டு வைத்தால் எல்லாப் பக்கமும் ஒரே சீராகக் காயும்.

எண்ணெய் வண்ணம் இந்த இடைவெளிகளில் எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு பூச்சு காய நாள்கணக்கு ஆகிறது என்று பலர் அக்ரிலிக்குக்குப் போய்விடுகிறார்கள். நமக்கு அந்தத் தாமதம்தான் சௌகரியம். அம்பர் என்ற பழுப்பு வண்ணப் பூச்சு சீக்கிரம் காயும். டைட்டானியம் வெள்ளையும் ஐவரி கறுப்பும் இழுத்தடிக்கும். காலையில் ஒரு பூச்சு கொடுத்துவிட்டுக் கேன்வாஸைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு மண்ணுக்குப் போனால் அது பாட்டுக்குக் காய்ந்துகொண்டிருக்கும். கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப்போகக் கூடுதலாகவும் இருக்கட்டும். மாறிப்போனால் பின்னால் வெடிக்கும். மழை மாதங்களில் கேன்வாஸ் பின்பக்கம் பூஞ்சை பிடிக்கும். சுவரோடு ஒட்டாமல் கீழே கட்டை வைத்துக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள்.

இப்போது உங்கள் வேலையைப் பற்றி. நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். சிற்பத்துக்கு மண் எங்கிருந்து எடுக்கிறீர்கள்? மானாமதுரைப் பக்கம் என்றால் கண்மாய் வண்டலாகத்தான் இருக்க வேண்டும். நீங்கள் வரைகிற தரையும் அந்தக் கண்மாய்தானே? நூறு நாள் வேலையில் உங்கள் தெருப் பெண்கள் தூர் வாரிச் சுமப்பதும் அதே மண்ணாக இருக்கலாம். அப்படியானால் மண் சுமக்கிற பெண்ணை அவள் சுமந்த மண்ணிலேயே செய்கிறீர்கள், அந்த மண் எடுத்த பள்ளத்தை வரைகிறீர்கள். காட்சிக்கூடத்தில் சிற்பப் படங்களைத் தனிக் கோப்பாகவும் ஓவியங்களைத் தனிக் கோப்பாகவும் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த முறை கலந்து அடுக்குங்கள். ஒரு தலை, அடுத்து ஒரு கண்மாய்த் தரை, அடுத்து ஈரத்துணிக்குள் பாதியில் நிற்கும் ஒரு தலை. “நீங்கள் சிற்பியா, ஓவியரா” என்ற கேள்வியே அங்கே எழாது. மெரினா சிலையில் நான்கு ஆண்கள் பாறையைப் புரட்டுகிறார்கள். தூர் வாரும் பெண்களுக்கு நம் ஊரில் சிலை எங்கே இருக்கிறது? அதைச் செய்கிறவர் நீங்கள். இதைச் சொல்லும்போது எனக்கே நெஞ்சு நிறைகிறது.

அட்டைகளை இதில் வலிந்து சேர்க்க வேண்டாம். அது தனி வேலை, தனி மரியாதை உள்ள வேலை. ஆனால் கைக்குத் தெரியாமல் அது கற்றுக்கொடுக்கும். டெம்மி அளவு அட்டை ஐந்தரை அங்குல அகலம்தான். கடையில் நூறு புத்தகங்களுக்கு நடுவே கையெட்டும் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்குத் தலைப்பு படிக்க வேண்டும். எதை விடலாம், எதை விடவே கூடாது என்ற கணக்கு அங்கே வந்துவிடும். நான் தலைப்பு எழுத மூங்கில் சீவலை மையில் தோய்த்து எழுதுவேன். நுனியைச் சாய்வாக வெட்டினால் ஒரே இழுப்பில் தடித்தும் மெலிந்தும் கோடு வரும். மண் உலரும் பதத்தில் அதே சீவலால் புடவை மடிப்பைக் கீறினால் மடிப்புக்கும் அந்தத் தடிப்பு மெலிவு கிடைக்கிறது. முன்பெல்லாம் புடவையில் கரை, புட்டா எல்லாம் செதுக்குவேன். அட்டை வேலை தொடங்கியபின் அதையெல்லாம் விட்டுவிட்டேன், மடிப்பு மட்டும் போதும் என்று ஆயிற்று.

முடியாத வேலையைக் காட்டக் கூச்சப்படாதீர்கள். ஆனால் குறிப்பு வைத்திருக்க வேண்டும். சுடுவதற்கு முன்னாலேயே ஒவ்வொரு சிற்பத்தின் அடியிலும் எண்ணும் மாதமும் கீறிவிடுங்கள். எந்தக் கண்மாய் மண், எவ்வளவு மணல், எந்தச் சூளை என்று நோட்டில் எழுதுங்கள். ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், ஒரே இடத்தில் வைத்து ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுங்கள். இப்படி இருந்தால், பார்க்கிறவருக்கு இது தொடர்ந்து நடக்கும் வேலை என்று புரியும்.

விடுதிக்காரர் விஷயம்: தங்க நிறத்தைப் பற்றிப் பேசிப் பார்க்கலாம். சும்மாட்டை எடுத்துவிட்டுப் பூ வைப்பதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவருக்குப் பூ வைத்த பெண்தான் வேண்டும் என்றால் அதைத் தனியாக, புதிதாகச் செய்து கொடுங்கள். இந்தத் தொடரிலிருந்து ஒரு தலையை எடுத்து மாற்றாதீர்கள்.


சூளைமேட்டுக்காரர் எழுதியது:

வணக்கம்மா. எங்கள் வீட்டில் தலைமுறையாகப் பானையும் புரவியும் செய்கிறவர்கள். கழுத்து விரிசல் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் விரிசலின் ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள். வாய் அகன்று, ஓரம் மழுங்கி இருந்தால் அது காயும்போதோ சூடு ஏறும்போதோ வந்தது. மயிரிழை மாதிரி இருந்து ஓரம் கூர்மையாக இருந்தால் ஆறும்போது வந்தது, அதாவது சூளையைச் சீக்கிரம் பிரித்துவிட்டீர்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சும்மாட்டை உள்ளே கெட்டியாக வைக்கிறீர்களோ என்று தோன்றுகிறது. மேலே கெட்டிப் பாரம், கீழே மெல்லிய கழுத்து என்றால் இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுருங்கும், கழுத்துதான் அடி வாங்கும். அய்யனார் கோயில் குதிரை ஆளுயரம் இருந்தாலும் உள்ளே முழுக்கக் கூடுதான். மண்ணைத் திரித்துச் சுற்றிச் சுற்றி ஏற்றிக்கொண்டே போவோம். சும்மாட்டையும் அப்படித் திரித்து உள்ளே கூடாக விடுங்கள். தலைக்குள்ளிருந்து சும்மாட்டுக்குள் போக ஒரு துளை இருக்கட்டும், அடிப்பக்கம் திறந்திருக்கட்டும். சுவர் எல்லா இடத்திலும் ஒரே கனமாக, ஒரு விரல் கனம் போதும்.

கண்மாய் வண்டல் வெறுமனே நைசாக இருக்கும், அதிகம் சுருங்கும். சலித்த மணலும் உமியும் கலந்து மிதியுங்கள். சுட்டு உடைந்த ஓட்டை இடித்துப் பொடியாக்கிச் சேர்த்தால் இன்னும் நல்லது. மண்ணுக்குத் தாசில்தார் அலுவலகத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள், மண்பாண்ட வேலைக்கு வண்டல் எடுக்க வழி இருக்கிறது.

சூளையில் முதல் பாதிதான் முக்கியம். வாயில் சுள்ளி மட்டும் வைத்து வெதுவெதுப்பாக நேரம் கொடுங்கள். மேலே புகை வரும் துளைக்கு நேரே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் காட்டுங்கள். ஆவி படிந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, விறகைக் கூட்டாதீர்கள். படியாமல் தெளிவாக இருந்தால் கூட்டலாம். 570 டிகிரியைத் தாண்டும் இடத்தில் மண்ணுக்குள் இருக்கும் மணல் சட்டென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் அங்கே அவசரம் கூடாது. சுட்ட மறுநாளே மூடாக்கைப் பிரித்து எட்டிப் பார்க்கிற ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். உள்ளே கை வைத்தால் சூடு உறைக்காத அளவு ஆறட்டும்.

விரிசல் விட்ட பழைய தலைகளைத் தூக்கி எறிய வேண்டாம். இடித்துப் பொடியாக்கினால் அடுத்த மண்ணுக்கு ஆகும்.


கண்மாய்க்கரை எழுதியது:

அக்கா, மண் அதே கண்மாய் மண்தான். அந்தப் பெண்கள் தூர் வாரி ஏற்றிய கரையோரத்திலிருந்துதான் எடுத்து வருகிறேன். நான் வரைகிற பள்ளங்களில் சில, அவர்கள் வெட்டியவைதான். இதை ஒரே வரிசையாக அடுக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நேற்று ராத்திரி படங்களையெல்லாம் தரையில் பரப்பி நீங்கள் சொன்னபடி அடுக்கிப் பார்த்தேன். மடையோரக் கரும்பச்சைக் கேன்வாஸுக்குப் பக்கத்தில் சுடாத ஈரத் தலையை வைத்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நிறம்.

அண்ணே, விரிசல் ஓரம் மழுங்கித்தான் இருக்கிறது. சும்மாட்டைக் கெட்டியாகத்தான் உருட்டி வைத்தேன். அடுத்த தலையில் திரித்து ஏற்றுகிறேன். உடைந்த தலைகளை இடிக்க மட்டும் கை வரவில்லை. அவற்றில் ஒன்று என் பெரியம்மா.

விடுதிக்காரரிடம் சும்மாடு இருந்தால்தான் செய்வேன் என்று சொல்லிவிட்டேன். யோசிப்பதாகச் சொல்கிறார். அந்த உரிமைத் தாளைப் பற்றி யாராவது சொல்ல முடியுமா?


வாய்தா எழுதியது:

வழக்கறிஞராக இருப்பதால் இந்தப் பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 17ஆம் பிரிவைப் பாருங்கள். ஒருவர் பணம் கொடுத்து ஓவியமோ உருவப்படமோ வரையச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் பதிப்புரிமை வரையச் சொன்னவருக்கே போகிறது. அந்தப் பட்டியலில் சிற்பம் இல்லை. ஆகவே நீங்கள் எழுதிக் கொடுக்காதவரை, ஆறடிச் சிற்பத்தின் பதிப்புரிமை உங்களுடையது. அதனால்தான் அவர் முன்கூட்டியே தாள் அனுப்புகிறார். உங்கள் புத்தக அட்டைகளில்தான் கவனம் தேவை. ஓவியமாக வரைந்து கொடுக்கும் அட்டைக்கு “இந்தப் பதிப்பின் அட்டைக்கு மட்டும்” என்று பில்லிலோ மின்னஞ்சலிலோ ஒரு வரி எழுதி, பதிப்பாளர் ஒப்புக்கொண்டதாகப் பதிலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உரிமையை எழுதிக் கொடுத்தாலும் எந்த உரிமை, எத்தனை வருஷம், எந்த எல்லைக்குள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். வருஷம் குறிப்பிடாவிட்டால் 5 வருஷம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் 19ஆம் பிரிவு வைத்துக்கொள்கிறது. “எல்லா உரிமையும்” என்ற வரியை அடித்துவிட்டு, “இந்த ஒரு சிற்பத்தை இந்த வளாகத்தில் நிறுவிக் காட்சிக்கு வைக்கலாம், படம் எடுத்து விளம்பரத்தில் பயன்படுத்தலாம்” என்று எழுதுங்கள்.

சும்மாட்டை நாளைக்கு அவராக எடுத்துவிட்டால்? 57ஆம் பிரிவு இருக்கிறது. பதிப்புரிமையை விற்றுவிட்டாலும், உங்கள் மதிப்புக்குக் குந்தகமாகப் படைப்பைச் சிதைத்தால் கேள்வி கேட்கும் உரிமை உங்களிடமே நிற்கும். தில்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் கழற்றிக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். 2005இல் தில்லி உயர் நீதிமன்றம், மிஞ்சியிருந்த சிற்பத்தை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. ஆனால் அதற்குள் எத்தனை வருஷம் ஓடிவிட்டது பாருங்கள். அதனால் “கலைஞரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் நிறமோ வடிவமோ மாற்றக் கூடாது” என்று தாளிலேயே போட்டுவிடுவது நல்லது.

இன்னொன்று பலர் மறந்துவிடுவது: அச்சு. ஃபைபர் வேலையில் அச்சு யாரிடம் இருக்கிறதோ அவர் எத்தனை வேண்டுமானாலும் வார்த்துக்கொள்ளலாம். அச்சு உங்களுடையது, இந்த அச்சிலிருந்து ஒரே ஒரு வார்ப்புதான் என்று எழுதுங்கள். பணத்தை மூன்று தவணையாகக் கேளுங்கள்: கையெழுத்துப் போடும்போது, களிமண் மாதிரியைப் பார்த்து அவர் சம்மதித்ததும், சிற்பம் பட்டறையை விட்டுக் கிளம்பும் முன். வண்டி வாடகை, பீடம், கிரேன் செலவு யாருடையது என்பதும் அதிலேயே இருக்கட்டும்.


மண்வாசல் எழுதியது:

வாய்தா சொன்னதில் அச்சு விஷயத்தைக் கட்டாயம் எழுதுங்கள் தங்கச்சி. வேலை உறுதியானால் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டடித் தலையை அப்படியே மூன்று மடங்காக்கினால் சரியாக வராது. பீடத்தில் ஏற்றிக் கீழிருந்து பார்க்கும்போது தாடை பெரிதாகவும் நெற்றி சிறிதாகவும் தெரியும். உங்களுக்கு முக்கியமான அந்த இறுகிய நெற்றி சும்மாட்டுக்கு அடியில் ஒளிந்துபோகும். நெற்றியைக் கொஞ்சம் உயர்த்தி, சும்மாட்டின் முன் விளிம்பைப் பின்னுக்குத் தள்ளி, தலையை ஒரு இம்மி முன்பக்கம் சாய்த்து வையுங்கள். முதலில் அந்தச் சின்னத் தலையையே ஒரு அலமாரி மேல் வைத்து, கீழே உட்கார்ந்து பார்த்து வரைந்துகொள்ளுங்கள். ஃபைபருக்கு ரெசின் என்ற பிசினைப் பூசும் வேலை நடக்கும்போது கொட்டகையின் இரண்டு பக்கமும் திறந்திருக்கட்டும், முகமூடி இல்லாமல் யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம். உங்கள் எண்ணெய் ஓவியங்களை அன்றைக்கு வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள், தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடி நார்த் தூசி ஈர வண்ணத்தில் ஒட்டினால் எடுக்கவே முடியாது.

பெரியம்மா தலையை இடிக்க வேண்டாம். விரிசலோடேயே வரிசையில் வையுங்கள்.